டிஎன்எஸ் பெட்டி: கட்டியதும், அதன் கண்ணைக் கட்டியதும்

எங்கள் வீட்டுக் கணினிகளும் தொலைக்காட்சியும் இணையத்தில் கேட்கும் டிஎன்எஸ் கேள்விகள், அதாவது ஒரு தளத்தின் பெயருக்கு உரிய ஐபி முகவரி எண் எது என்ற கேள்விகள், இப்போது புத்தக அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் ஒரு சிறு பெட்டியைத் தாண்டித்தான் வெளியே போகின்றன. பழைய ராஸ்பெர்ரி பை 3 என்ற உள்ளங்கை அளவுக் கணினி ஒன்று, அதில் விளம்பரத் தளங்களைத் தடுக்கும் பை-ஹோல், மற்றக் கேள்விகளுக்கு வெளியே போய்ப் பதில் வாங்கி வரும் அன்பவுண்ட் என்ற இரண்டு கட்டற்ற மென்பொருள்கள். வேறு சரக்கு எதுவும் இல்லை. நிறுவுவது எளிது. நிறுவிய பிறகு ஒவ்வொன்றாகத் தலைகாட்டும் சிக்கல்களும், அங்கங்கே நின்று யோசித்து எடுக்க வேண்டிய முடிவுகளும்தான் உண்மையான வேலை. அவற்றைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கசிவைக் கண்ணால் பார்ப்பது

எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் எதையும் அடைக்க முடியாது. அதனால் எதையும் நிறுவுவதற்கு முன்பு, லினக்ஸ் மடிக்கணினியில் டிசிபிடம்ப் என்ற கருவியை ஓடவிட்டு, போர்ட் 53 வழியாகப் போவதை மட்டும் காட்டச் சொன்னேன். டிஎன்எஸ் கேள்விகள் போகும் வாசல் அதுதான். பிரவுசரில் ஒரு தமிழ் நாளிதழின் தளத்தைத் திறந்தேன்.

கறுப்புத் திரையில் வரிகள் மளமளவென்று ஓடின. ஒவ்வொரு வரியிலும் நொடியின் பின்னம் வரை நேரம், என் மடிக்கணினியின் எண், அது கேட்ட தளத்தின் பெயர். நாளிதழின் பெயர் முதல் வரியில் வந்தது. அதன் பின்னால் வந்தவை நான் ஒருபோதும் தட்டச்சு செய்யாத பெயர்கள்: விளம்பர ஏலம் நடத்துபவை, எத்தனை பேர் எவ்வளவு நேரம் படித்தார்கள் என்று கணக்கெடுப்பவை, சமூக வலைத்தளப் பொத்தான்களுக்கானவை. செய்தியை முழுதாகப் படித்து முடிப்பதற்குள் திரை பலமுறை நிரம்பி மேலே போய்விட்டது. பிரவுசரை மூடிவிட்டு மடிக்கணினியைத் தொடாமல் வைத்திருந்தபோதும் வரிகள் நிற்கவில்லை. அஞ்சல், நாள்காட்டி, மென்பொருள் புதுப்பிப்பு என்று ஏதாவது ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது.

தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் இந்த ஏற்பாட்டை 1983-இல் பால் மொகபெட்ரிஸ் வடிவமைத்தார். கேள்வியும் பதிலும் எந்த மறைப்பும் இன்றிப் போகும் விதத்தில்தான் அது அமைந்தது. அன்றைய வலையமைப்பின் அளவுக்கு அது போதுமானதாக இருந்தது. இன்றும் பல வீடுகளில் அதே நிலைதான். பிரவுசரில் பூட்டுப் படம் தெரிந்தால் எல்லாமே பாதுகாப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். பக்கத்துக்குள் என்ன படிக்கிறோம் என்பதை அந்தப் பூட்டு காக்கிறது. எந்தக் கதவைத் தட்டினோம் என்பதை டிஎன்எஸ் கேள்வி அதற்கு முன்பே வெளியே சொல்லிவிடுகிறது. அதைக் காதில் வாங்குபவர் பெரும்பாலும் நமது இணையச் சேவை நிறுவனம். பெயர்கள் மட்டும்தானே என்று ஒதுக்கிவிட முடியாது. சர்க்கரை நோய்ச் செயலி, கடன் ஒப்பீட்டுத் தளம், வரன் தேடும் தளம், ஒரு குறிப்பிட்ட மருத்துவமனை என்று பெயர்களையும் நேரத்தையும் வரிசையாக அடுக்கினால், அந்த வீட்டின் கவலைகள் அத்தனையும் அதில் இருக்கும்.

"நமக்கு என்ன சார் இருக்கிறது மறைக்க?" என்று மாடி வீட்டுக்காரர் கேட்டார். அவருடைய வாசலில் திரைச்சீலை தொங்குகிறது. அவர் வீட்டுக்குள் குற்றம் எதுவும் நடக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தத் திரை அங்கே இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். அதையே அவரிடமும் சொன்னேன்.

பெட்டி

டிஎன்எஸ் வேலைக்குப் பெரிய கணினி வேண்டியதில்லை. 2016-இல் வந்த ராஸ்பெர்ரி பை 3-க்கு 1 ஜிபி நினைவகம். இதற்கு அதுவே மிகுதி. வைஃபையை விட்டுவிட்டுக் கம்பி வழியாகவே மோடத்துடன் இணைத்தேன். வீட்டின் இணையம் முழுவதும் இதை நம்பி நிற்கும்போது வைஃபையின் தடுமாற்றம் வேண்டாம். மின்சாரம் கொடுக்கும் அடாப்டரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 5 வோல்ட், 2.5 ஆம்பியர் தருவதாக இருக்க வேண்டும். பழைய செல்பேசி சார்ஜரில் ஓட்டினால் மின்னழுத்தம் இறங்கும்; மெமரி கார்டு கெட்டுப்போக அதுவும் ஒரு காரணமாகிவிடும்.

பைக்கு 192.168.1.2 என்ற நிலையான முகவரியைக் கொடுத்தேன். பை-ஹோல் நிறுவும்போது சில கேள்விகள் கேட்கும். அவற்றில் ஒன்று, கேள்விப் பட்டியலை எந்த அளவுக்குப் பதிவு செய்ய வேண்டும் என்பது. எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டியிருந்ததால், அனைத்தையும் பதிவு செய் என்ற முதல் நிலையைத் தேர்ந்தெடுத்தேன். பிறகு இந்த இடத்துக்குத் திரும்பி வருவேன்.

பை-ஹோல் செய்வது இதுதான். கேட்கப்படும் பெயர் தடைப் பட்டியலில் இருந்தால் 0.0.0.0 என்று பதில் சொல்லிவிடுகிறது. கேட்ட கருவிக்குப் போவதற்கு இடமே இல்லை. விளம்பரமும் வராது, கணக்கெடுப்பும் நடக்காது. பட்டியலில் இல்லாத பெயர் என்றால் மேலே அனுப்பிப் பதில் வாங்கித் தருகிறது.

மோடத்துடன் மல்லுக்கட்டு

வீட்டுக் கருவிகள் அனைத்தும் பையிடம் கேட்க வேண்டுமானால், அவற்றுக்கு முகவரி வழங்கும்போதே "டிஎன்எஸ் இவர்தான்" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்வது டிஹெச்சிபி என்ற சேவை. அது இருப்பது மோடத்துக்குள். எங்களுக்கு வந்த ஃபைபர் மோடத்தின் பக்கத்தில் டிஎன்எஸ் முகவரி இருக்கும் பெட்டி சாம்பல் நிறத்தில் இருந்தது. அதைத் திருத்த விடவில்லை.

இதற்கு வழி இருக்கிறது. பை-ஹோலுக்குள்ளேயே டிஹெச்சிபி சேவை உண்டு. மோடத்தில் அந்தச் சேவையை முதலில் அணைத்து, பிறகு பை-ஹோலில் இயக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் எந்தக் கருவி யாரிடம் முகவரி வாங்குகிறது என்பதே குழம்பிவிடும். இதைச் செய்யும்போது உங்கள் மடிக்கணினிக்குக் கைப்பட ஒரு நிலையான முகவரி கொடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நடுவழியில் மோடத்தின் பக்கத்துக்கும் போக முடியாது, பையின் பக்கத்துக்கும் போக முடியாது. மாற்றிய பிறகு எல்லாச் செல்பேசிகளிலும் வைஃபையை அணைத்து இயக்கினோம்.

மடிக்கணினி அடங்கியது. செல்பேசிகளில் பழையபடியே விளம்பரங்கள் வந்தன. பை-ஹோலின் பட்டியலிலும் செல்பேசிகளின் பெயரில் வரிகள் மிகக் குறைவு. அதாவது அவை வேறு யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தன.

காரணம் ஐபிவி6. இணைய முகவரியின் புதிய வடிவம் அது; 192.168.1.2 போன்றவை பழைய ஐபிவி4. இதைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. இதே வேலையில் இறங்கும் பலரும் தடுக்கி விழும் இடமும் இதுதான் என்பதால் விரித்துச் சொல்கிறேன். டிஹெச்சிபி என்று நாம் அணைத்தது ஐபிவி4-க்கானது. ஐபிவி6-இல் மோடம் தானாகவே அவ்வப்போது ஓர் அறிவிப்பை வீடு முழுவதும் ஒலிபரப்புகிறது. "நான்தான் வழி, என் டிஎன்எஸ் முகவரி இது" என்பதும் அந்த அறிவிப்பிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு செல்பேசி அதைக் கேட்டுக்கொண்டு, பையை விட்டுவிட்டு மோடத்திடமே கேட்கப் போய்விடுகிறது. மோடம் அதைச் சேவை நிறுவனத்திடம் கொண்டுபோய்க் கொடுக்கிறது. ஒரு வாசலைப் பூட்டிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் கொல்லைப்புறம் திறந்து கிடந்த மாதிரி.

எங்கள் மோடத்தில் உள்வலை ஐபிவி6 என்ற பக்கத்தின் அடியில், டிஎன்எஸ் எங்கிருந்து எடுக்கப்பட வேண்டும் என்று ஒரு தேர்வு இருந்தது. அதை "நிலையானது" என்று மாற்றி, பையின் உள்வலை ஐபிவி6 முகவரியைக் கொடுத்ததும் செல்பேசிகள் வழிக்கு வந்தன. எல்லா மோடத்திலும் இந்தத் தேர்வு இருக்காது. இல்லாதவர்களுக்கு இரண்டு வழி: உள்வலையில் ஐபிவி6-ஐ அணைத்துவிடலாம், அல்லது மோடத்துக்குப் பின்னால் சொந்தமாக ஒரு ரவுட்டரை வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதையே பரிந்துரைப்பேன். நாம் விலை கொடுத்து வாங்கிய, நம் கைக்குள் இருக்கும் ரவுட்டரில் எதுவும் சாம்பல் நிறத்தில் இருக்காது.

தொலைக்காட்சி

தொலைக்காட்சி எந்த அறிவிப்பையும் மதிக்கவில்லை. கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8 என்ற முகவரி அதற்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது. நேராக அங்கே போய்க் கேட்டது. மோடத்தின் தடுப்புச் சுவரில், பையைத் தவிர வேறு எந்தக் கருவியும் போர்ட் 53 வழியாக வெளியே போகக் கூடாது என்று ஒரு விதி போட்டேன். கொஞ்ச நேரம் திணறிவிட்டு, அது பையிடம் கேட்கத் தொடங்கியது. ஆனால் டிஎன்எஸ் கேள்வியை வழக்கமான இணையப் போக்குவரத்துக்குள் பொதிந்து போர்ட் 443 வழியாக அனுப்பும் முறை 2018-இலேயே தரநிலையாகிவிட்டது. ஒரு கருவி அந்த வழியில் போனால், இந்த மாதிரிப் பெட்டியால் அதைப் பிரித்தறிய முடியாது.

தொலைக்காட்சியில் டிஎன்எஸ்ஸை விடக் கவலைக்குரியது வேறொன்று. திரையில் ஓடும் படத்தின் துணுக்குகளை எடுத்து அனுப்பி, நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்று கண்டுபிடிக்கும் வசதி பல ஸ்மார்ட் தொலைக்காட்சிகளில் இருக்கிறது. அமெரிக்காவில் விசியோ நிறுவனம் 1 கோடியே 10 லட்சம் தொலைக்காட்சிகளில், உரிய ஒப்புதல் வாங்காமல், நொடிக்கு நொடி இதைச் செய்ததாக வழக்கு வந்தது. 2017 பிப்ரவரியில் 22 லட்சம் டாலர் கட்டி அதை முடித்துக்கொண்டார்கள். கேபிள், டிவிடி என்று எங்கிருந்து படம் வந்தாலும் அந்த வசதி அதைப் பார்த்தது. எங்கள் தொலைக்காட்சியின் செட்டிங்கில் "பார்வைத் தகவல் சேவை" என்ற மாதிரி சாதுவான பெயரில் அது ஒளிந்திருந்தது. அணைத்தேன். உங்கள் வீட்டில் வேறு எதுவும் செய்ய நேரமில்லை என்றாலும், இந்த ஒன்றை மட்டும் இன்றே தேடி அணைத்துவிடுங்கள்.

மேலே யாரிடம் கேட்பது

இங்கே ஒரு நிஜமான முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. பை கடைசியில் யாரிடமாவது கேட்டுத்தானே ஆக வேண்டும்?

ஒரு வழி, அன்பவுண்ட் மூலம் நாமே டிஎன்எஸ் அடுக்கின் உச்சியில் இருக்கும் வேர்ச் சர்வரிலிருந்து தொடங்கி, படிப்படியாக ஒவ்வொரு தளத்தின் சொந்தச் சர்வர் வரை கேட்டுக்கொண்டு போவது. நெதர்லாந்தின் என்எல்நெட் லேப்ஸ் எழுதிய மென்பொருள் அது. இந்த வேலைக்காகவே எழுதப்பட்டது. இதில் நம் முழுப் பட்டியலும் எந்த ஒரு நிறுவனத்தின் கையிலும் சேராது. ஆனால் அந்தக் கேள்விகள் அனைத்தும் மறைப்பின்றித்தான் போகும். வழியில் இருக்கும் சேவை நிறுவனம் விரும்பினால் படித்துக்கொள்ளலாம். மற்றொரு வழி, மறையாக்கம் செய்து போர்ட் 853 வழியாக ஒரே ஒரு பொதுச் சேவையிடம் கேட்பது. சேவை நிறுவனத்தால் படிக்க முடியாது. ஆனால் அந்தப் பொதுச் சேவை அனைத்தையும் பார்க்கும்.

ஆக, பட்டியலே இல்லாமல் செய்ய முடியாது. அது யார் கையில் இருக்கலாம் என்று தேர்ந்தெடுக்கத்தான் முடியும். என் பெயரும் முகவரியும் அடையாள அட்டை நகலும் சேவை நிறுவனத்திடம் இருக்கின்றன. அவற்றோடு இந்தப் பட்டியலும் சேர்வதைத்தான் நான் முதலில் தடுக்க விரும்பினேன். அதனால் இரண்டாவது வழி. சுவிட்சர்லாந்தில் பதிவான, இலாப நோக்கமற்ற குவாட்9 அமைப்பைத் தேர்ந்தெடுத்தேன். கேட்பவரின் ஐபி முகவரியைச் சேமிப்பதில்லை என்பது அவர்கள் பகிரங்கமாகச் சொல்லும் கொள்கை. 9.9.9.9 என்ற முகவரியை அன்பவுண்டில் எழுதினேன்.

இதில் ஒரு நுணுக்கம். முகவரியையும் போர்ட்டையும் மட்டும் எழுதினால் மறையாக்கம் நடக்கும். ஆனால் எதிர்முனையில் இருப்பவர் குவாட்9 தானா என்ற சரிபார்ப்பு நடக்காது. முகவரிக்குப் பக்கத்தில் சர்வரின் பெயரையும் எழுதி, சான்றிதழ்க் கோப்பு எங்கே இருக்கிறது என்றும் காட்டினால்தான் சரிபார்க்கும். எல்லாம் ஒழுங்காக ஓடுவது போலவே தெரியும் என்பதால், இதை விட்டுவிட்டால் கண்டுபிடிப்பது கடினம்.

சோதனைக்குப் பழைய டிசிபிடம்ப்பை மறுபடியும் ஓடவிட்டேன், இந்த முறை பையின் வெளிப்புறத்தில். அதே நாளிதழைத் திறந்தேன். போர்ட் 53 அமைதியாக இருந்தது. 853-இல் வரிகள் ஓடின. அவற்றில் ஒரு பெயரும் இல்லை, அளவும் நேரமும் மட்டும்தான்.

ஊருக்குப் போய் வந்த பிறகு நின்றுபோன இணையம்

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போனோம். பல நாள் கழித்துத் திரும்பி வந்து போட்டதும் மோடத்தில் விளக்குகள் எரிந்தன, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை. பைக்குள் நுழைந்து தேதியைப் பார்த்தபோது அது இன்னும் பொங்கலுக்கு முன்பே நின்றிருந்தது.

ராஸ்பெர்ரி பை 3-இல் பேட்டரியுடன் கூடிய கடிகாரம் கிடையாது. அணையும்போது இருந்த நேரத்தைக் கார்டில் எழுதி வைத்துக்கொண்டு, மீண்டும் எழும்போது அங்கிருந்தே தொடங்குகிறது. இணையத்தில் நேரச் சர்வரைக் கேட்டுச் சரிசெய்துகொள்வது வழக்கம். ஆனால் அந்தச் சர்வரின் பெயருக்கு முகவரி தெரிய டிஎன்எஸ் வேண்டும். டிஎன்எஸ் பதில்களின் மீதுள்ள கையொப்பங்களை அன்பவுண்ட் சரிபார்க்கிறது. ஒவ்வொரு கையொப்பத்துக்கும் தொடங்கும் தேதி உண்டு. பையின் கடிகாரப்படி அந்தக் கையொப்பங்கள் எல்லாம் எதிர்காலத்தில் போடப்பட்டவை, எனவே செல்லாதவை. கடிகாரம் சரியாக டிஎன்எஸ் வேண்டும். டிஎன்எஸ் ஓடக் கடிகாரம் வேண்டும். சில மணி நேர மின்தடையில் இது தெரியாது, சிறிய வித்தியாசத்தை அன்பவுண்ட் பொறுத்துக்கொள்ளும். பல நாள் என்றால் பொறுக்காது.

அப்போதைக்குக் கைப்பட நேரத்தைத் திருத்தினேன். நிரந்தரத் தீர்வாக டிஎஸ்3231 என்ற கடிகாரத் தகடு ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். நான்கு கம்பிகள்: 3.3 வோல்ட் 1-ஆம் ஊசியில், தகவல் கம்பிகள் 3-இலும் 5-இலும், தரை 9-இல். தகட்டோடு பேச உதவும் ஐ2சி வசதியை இயக்கிப் பார்த்தபோது 68 என்ற முகவரியில் தகடு தெரிந்தது. கணினி எழும்போதே அந்தக் கடிகாரத்தைப் படிக்கும்படி தொடக்கக் கோப்பில் ஒரு வரி சேர்த்து, அணையும் நேரத்தைக் கார்டில் எழுதி வைத்துவந்த பழைய பொய்க் கடிகார நிரலை நீக்கினேன்.

இந்தத் தகட்டை வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பல தகடுகளில், பேட்டரிக்கு மின்னேற்றம் செய்யும் சுற்று ஒன்று இருக்கிறது. மறுமின்னேற்றம் செய்யக்கூடிய பொத்தான் பேட்டரிக்காக வைத்தது அது. நாம் கடையில் வாங்கிப் போடும் சாதாரண சிஆர்2032 பேட்டரிக்கு மின்னேற்றம் செய்யக் கூடாது, வீங்கும், ஒழுகும். 3.3 வோல்ட்டில் இணைத்தால் அந்தச் சுற்றால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது, ஆபத்து 5 வோல்ட்டில்தான். ஆனாலும் 201 என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் அந்தச் சின்ன மின்தடையத்தை சால்டரிங் முனையால் சூடாக்கித் தள்ளிவிட்டேன். நாளை யாராவது கம்பியை மாற்றிச் செருகினாலும் கவலை இல்லை.

பட்டியலை நிறுத்தியது

இனி, திரும்பி வருவேன் என்று சொன்ன இடம்.

பெட்டி சரியாக ஓடுகிறதா என்று பார்க்கப் பை-ஹோலின் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தேன். எந்தக் கருவி, எந்த நேரம், எந்தத் தளம் என்று அழகாக வரிசைப்படுத்திக் காட்டும் பக்கம் அது. கருவிகளின் பெயர்களே போதும், யாருடையது எது என்று தெரிந்துவிடும். பின்னால் வந்து நின்ற மகள் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, நாங்கள் எங்கே போகிறோம் என்பதை எல்லாம் இது எழுதி வைக்குமா?"

எழுதி வைக்கும். எழுதியும் வைத்திருந்தது. வீட்டில் உள்ள ஒருவர் என்னிடம் இன்னும் சொல்லாத ஒரு செய்தி, சில தளங்களின் பெயர்களாக அந்தப் பட்டியலில் இருந்தது. யார், என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை. அது அவருடைய செய்தி. நேரம் வரும்போது அவரே சொல்ல வேண்டியது.

யாரென்றே தெரியாத நிறுவனத்திடம் இந்தப் பட்டியல் போகக் கூடாது என்றுதான் இவ்வளவும் செய்தேன். அதே பட்டியல் இப்போது என் கையில். நிறுவனத்தாருக்கு நாங்கள் கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களில் ஒரு வரி. எனக்கோ ஒவ்வொரு வரியும் யாரென்று முகத்தோடு தெரியும். வீட்டுக்குள் ஒருவர் மற்றவரைக் கண்காணிப்பது, வெளியாரின் கண்காணிப்பை விட லேசானது என்று நான் நம்பவில்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தபோது நான் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி உண்மை என்றால், என் கூரைக்குக் கீழே இருப்பவர்களுக்கும் அதே மரியாதையைத் தர வேண்டும்.

பை-ஹோலில் பதிவுக்கு நான்கு நிலைகள் உண்டு, 0 முதல் 3 வரை. 0 அனைத்தையும் எழுதும். 1 தளப் பெயர்களை மறைக்கும். 2 கருவிகளையும் சேர்த்து மறைக்கும். 3-இல் எண்ணிக்கை மட்டும்தான், யார் எதைக் கேட்டார் என்பது எங்கும் எழுதப்படாது. 3-க்கு மாற்றினேன். அத்தோடு வேலை முடியாது. முன்பு எழுதப்பட்டவை தரவுத்தளக் கோப்பில் அப்படியே இருக்கும். சேவையை நிறுத்தி, அந்தக் கோப்பை அழித்து, மீண்டும் இயக்க வேண்டும். அதற்கு அப்பால் உரைவடிவப் பதிவுக் கோப்பு ஒன்று தனியாக உண்டு. கேள்விப் பதிவையும் அணைத்து, இருந்ததையும் துடைத்தேன். அன்பவுண்டிலும் கேள்விகளை எழுதும் தேர்வு நின்றிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். முகவரி வழங்கிய கணக்கில் கருவிகளின் பெயர்கள் இன்னும் இருக்கும். அது இல்லாமல் டிஹெச்சிபி ஓடாது. பதிவுகள் நின்றதால் மெமரி கார்டில் எழுதும் வேலையும் குறைந்தது.

இதற்கு ஒரு விலை இருக்கிறது. ஏதாவது ஒரு தளம் திறக்கவில்லை என்றால், எந்தப் பெயர் தடுக்கப்பட்டது என்று இப்போது திரும்பிப் பார்க்க முடியாது. பணம் செலுத்தும் பக்கங்களில்தான் இது அடிக்கடி வருகிறது. தடையை ஐந்து நிமிடம் நிறுத்தி வைக்கும் பொத்தான் பை-ஹோலில் இருக்கிறது. கடவுச்சொல்லை வீட்டில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன்; தேவைப்படுகிறவர் அழுத்திக்கொள்கிறார்.

இந்தப் பெட்டி செய்யாதவை

அநாமதேயம் வேண்டும் என்று இதைக் கட்டினால் ஏமாந்துபோவீர்கள். டிஎன்எஸ்ஸை மறைத்தாலும், நாம் எந்த ஐபி எண்ணுடன் பேசுகிறோம் என்பது சேவை நிறுவனத்துக்குத் தெரியும். மறையாக்க இணைப்பைத் தொடங்கும் முதல் செய்தியில் தளத்தின் பெயர் இன்னும் பல இடங்களில் வெளிப்படையாகவே போகிறது. தளத்தின் பக்கத்தில் பார்த்தால், கணக்கில் நுழைந்துவிட்டால் நீங்கள் யார் என்பது தெரிந்த விஷயம். நுழையாவிட்டாலும் பிரவுசரே காட்டிக்கொடுக்கும். எழுத்துருக்கள், திரையின் அளவு, நேர மண்டலம் போன்ற சில்லறை விவரங்கள் சேர்ந்து ஒரு கைரேகை ஆகிவிடுகின்றன. இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃபிராண்டியர் ஃபவுண்டேஷன் 2010-இல் நடத்திய ஆய்வில், சோதிக்கப்பட்ட பிரவுசர்களில் 83.6 விழுக்காடு மற்ற எதனோடும் ஒத்துப்போகாமல் தனித்துத் தெரிந்தன. கவர் யுவர் டிராக்ஸ் என்ற பெயரில் அந்தச் சோதனை இன்றும் கிடைக்கிறது. உங்கள் பிரவுசரை ஒருமுறை அதில் நிறுத்திப் பாருங்கள்.

போக்குவரத்து முழுவதையும் வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் வாங்கினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: அதுவும் பட்டியலை இன்னொருவர் கையில் கொடுப்பதுதான். 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, ஐபி விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன், சர்ஃப்ஷார்க் ஆகியவை இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன. இலவச விபிஎன் செயலிகளை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. உங்கள் போக்குவரத்து முழுவதையும் சுமந்து செல்லும் செலவை யாரோ ஏற்கிறார் என்றால், எதை விற்று ஏற்கிறார் என்று கேட்க வேண்டும்.

யாரென்று தெரியாமல் ஒன்றைத் தேடியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் டோர் பிரவுசர்தான். நோயைப் பற்றி, சட்டச் சிக்கலைப் பற்றி, வீட்டு வன்முறைக்கு உதவி தேடி, யாருக்கும் அந்த நிலை வரலாம். டோரில் போக்குவரத்து மூன்று இடைநிலைகளைத் தாண்டிப் போகிறது. முதலாவதற்கு உங்களைத் தெரியும், மூன்றாவதற்குப் போகும் இடம் தெரியும், இரண்டும் சேர்ந்து எவருக்கும் தெரியாது. டிஎன்எஸ் கேள்வியும் அந்த வழியிலேயே போவதால் என் பெட்டிக்கும் தெரியாது. டோர் பிரவுசரின் சாளரத்தை இழுத்துப் பெரிதாக்கினால் ஓரங்களில் வெற்றுப் பட்டைகள் தோன்றுவதைப் பார்க்கலாம். அது பழுது அல்ல. பக்கத்தின் அளவைக் குறிப்பிட்ட சில அளவுகளுக்குள் நிறுத்தி, உங்கள் திரையை மற்றவர்களுடைய திரையோடு ஒன்றாகக் காட்டும் ஏற்பாடு. ஆனால் நீங்கள் டோர் பயன்படுத்துகிறீர்கள் என்பது உங்கள் வலையமைப்பை நடத்துபவருக்குத் தெரியும். 2013 டிசம்பரில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு டோர் வழியாகப் பொய் வெடிகுண்டு மிரட்டல் அனுப்பிய மாணவர் அப்படித்தான் அகப்பட்டார். டோரை யாரும் உடைக்கவில்லை; அந்த நேரத்தில் வளாக வைஃபையில் டோரைத் தொட்டவர் யார் என்று பார்த்தார்கள், அவ்வளவுதான்.

செல்பேசி வீட்டை விட்டு வெளியே போனதும் பெட்டி துணைக்கு வராது. ஆண்ட்ராய்டு 9 முதல் "தனிப்பட்ட டிஎன்எஸ்" என்ற செட்டிங் இருக்கிறது. அதில் குவாட்9 சர்வரின் பெயரை எழுதிவிட்டால், மொபைல் டேட்டாவிலும், ரயில் நிலைய வைஃபையிலும் கேள்விகள் மறையாக்கத்துடனே போகும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதை இயக்கினால் வீட்டுக்குள்ளும் அந்தச் செல்பேசி பையைக் கேட்காது, நேராகப் போய்விடும். விளம்பரத் தடை கிடைக்காது. பதிலாக இந்தப் பெட்டியின் பார்வைக்கு வெளியிலேயே இருக்கலாம்.

இரண்டையும் விளக்கி, அவரவர் விருப்பத்துக்கு விட்டேன். என் மனைவி விளம்பரத் தொல்லை இல்லாததே பெரிது என்று பெட்டியோடு இருக்கிறார். மகள் தன் செல்பேசியில் தனிப்பட்ட டிஎன்எஸ்ஸைத் தானே இயக்கிக்கொண்டாள். எந்தச் சர்வரைப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை.